அக்கா முன்னால் சொல்லக் கூடாதது

நாத்தனார் மக்கெரிதா ஆக்லாந்திலிருந்து வருகிறாள் என்று செய்தி வந்த நாளிலிருந்தே சினேவாவுக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. வீட்டில் உருப்படியான பாய் ஒன்றுதான் இருந்தது. பிறந்த ஊரான சவாயித் தீவிலிருந்து சினேவா கல்யாணமாகி வந்தபோது படகில் நனையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாய். புருஷன் அவுகுசோ அதைத் தானே எடுத்து, உதறி, வெயிலில் போட்டான். அந்தப் பாயை அவன் தன் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

"அது எங்கம்மா பின்னின பாய்," என்றாள் சினேவா.

"அதனாலதான் எடுத்தேன். அக்காவுக்கு வேற எதைப் போடுறது?"

"நாம படுக்கிறதைப் போடு."

"அதுல உன் குறட்டை ஒட்டியிருக்கும்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனான்.

அவளிடம் அப்படித்தான் பேசுவான். வாய்க்கு வந்ததைச் சொல்வான், அவள் எதிரே ஏப்பம் விடுவான், குளித்துவிட்டு ஈரத்துணியோடு வீடெல்லாம் திரிவான். அக்கா வந்து இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவான். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உட்காருவான். சமோவாவில் எல்லா ஆண்களும் அக்கா தங்கை முன்னால் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே உள்ள எதைப் பற்றியும் உடன்பிறந்தவள் காதுபடப் பேச மாட்டார்கள். யாராவது விளையாட்டாகப் பேசிவிட்டால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்கள். சினேவாவின் அண்ணன்களும் அவளிடம் அப்படித்தான் இருந்தார்கள். அப்போது அது அவளுக்கு இனித்தது. புருஷன் வீட்டில், அடுத்தவளுக்கு அது கிடைப்பதை அடுப்படியிலிருந்து பார்க்கும்போதுதான் கசந்தது.

மக்கெரிதாவுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த பேய்க்கணவாய் என்றால் உயிர். அவள் வந்த மறுநாள் அவுகுசோ பவளப்பாறைக்கு இறங்கி இரண்டு பிடித்து வந்தான். கெண்டைக்காலில் பாறை கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சினேவா எலுமிச்சை பிழிந்து கழுவினாள்.

"போன மாசம் எனக்கு ஆசையா இருக்குன்னு கேட்டேன். கடல் சரியில்லன்னியே," என்றாள்.

"அப்ப சரியில்ல."

"இன்னைக்கு உங்கக்கா வந்ததும் சரியாயிடுச்சாக்கும்."

"கடலுக்கும் மரியாதை தெரியும்," என்றான்.

புண் சீழ் வைத்தது, காய்ந்தது, தழும்பாகியும் விட்டது. அதற்குப் பிறகுதான் முதுகுவலி தொடங்கியது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் குனிந்து நிமிர்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? சினேவா தினமும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி இடுப்புக்கு மேலே தேய்த்துவிட்டாள். அந்த நேரத்தை அவள் ரகசியமாக விரும்பினாள். திரையைப் போட்டுக்கொண்டு, அவன் குப்புறப் படுத்திருக்க, அவள் கை மட்டும் அவன் மேல் இருக்கும். அக்கா வெளியே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் மற்ற முதுகுவலியெல்லாம் படுத்தால் குறையும். இது படுத்தாலும் குறையவில்லை. உட்கார்ந்தாலும், புரண்டாலும் அதே வலி. இரவில் வியர்த்து நனைந்தான். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தான்.

மக்கெரிதா ஒரு நாள் காலையில் பஸ் பிடித்துப் போய், மலைப்பக்கத்து ஊரிலிருந்து பேர்பெற்ற வைத்தியச்சி ஒருத்தியை அழைத்து வந்தாள். சினேவாவுக்கு முகம் சுருங்கிப்போனது. இத்தனை நாள் தான் தேய்த்த முதுகை இன்னொருத்தி தொட வந்திருக்கிறாள், அதுவும் நாத்தனார் கூட்டிவந்தவள்.

"என் கை போதாதுன்னா நேராவே சொல்லியிருக்கலாம் அண்ணி," என்றாள்.

"உன் கைக்கு என்ன குறைச்சல்? சமைக்க நல்ல கை," என்றாள் மக்கெரிதா.

வைத்தியச்சி எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவுகுசோ பல்லைக் கடித்தான். அவள் கையை எடுத்துவிட்டாள். மறுபடி வைக்கவில்லை.

"இது நம்ம நோய் இல்ல," என்றாள். "சதையில இருந்தா நான் இறக்கிடுவேன். இது எலும்புக்குள்ள கொதிக்குது. வெள்ளைக்காரன் மருந்துக்குத்தான் கட்டுப்படும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இனிமே யாரும் இதை அமுக்காதீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் சினேவாவைப் பார்க்கவே இல்லை. ஆனால் மக்கெரிதா பார்த்தாள்.

தலைநகர் ஆபியாவில் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் ஃபீஜியிலிருந்து வந்திருந்த டாக்டர் தீரேந்திரா. இளைத்த உடம்பும் ஓயாத கண்ணுமாக இருப்பார். சமோவா மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். ஆகவே மக்கெரிதா பேசினாள். ஆக்லாந்தில் பல வருடம் வேலை பார்த்தவள், ஆங்கிலம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடியது. சினேவா கால்மாட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் உடம்பைப் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள், தனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது ஒரு மாதிரி அவமானமாக இருந்தது.

டாக்டர் அவன் முதுகெலும்பை மேலிருந்து கீழாக முஷ்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவன் கட்டிலைவிட்டே எழும்பினான். பிறகு காலிலிருந்த தழும்பைப் பார்த்தார், இது எப்போது என்று கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் காலையில் அவரே படத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

மக்கெரிதா கேட்டுச் சொன்னாள். "அந்தப் பாறைப் புண் வழியாக் கிருமி ரத்தத்துல ஏறி முதுகெலும்புல போய் உட்கார்ந்திருக்காம். எல்லார் தோல்லயும் இருக்கிற கிருமியா இருக்கலாமாம். ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற வட்டை அரிச்சு, எலும்பையும் அரிச்சிருக்காம். பாரு, இங்க கோடு நேரா இல்ல."

பாறைப் புண் என்றதும் சினேவா நாத்தனாரைப் பார்த்தாள். மக்கெரிதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குப் பிடிச்ச மீனு அண்ணி, என்று நாக்கு நுனிவரை வந்ததை சினேவா விழுங்கினாள்.

அன்று விடிவதற்குள் வேறொன்று நடந்திருந்தது. கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்த சினேவாவை அவுகுசோ கையை நீட்டித் தட்டி எழுப்பினான். மூத்திரப் புட்டியைக் கொடுத்தாள். நெடுநேரம் வைத்திருந்துவிட்டுக் காலியாகவே திருப்பிக் கொடுத்தான்.

"வரல," என்றான். "நேத்து சாயங்காலத்துலருந்தே சரியா வரல. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"டாக்டர் வந்ததும் சொல்லிடலாம்."

"சொல்லாத." அவன் குரல் இன்னும் தாழ்ந்தது. "தொடைக்கு நடுவுல தொட்டா யாரோ வேற ஆளைத் தொடுற மாதிரி இருக்கு சினே. காலும் கனமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத. அக்கா காதுல விழுந்துடும்."

அவள் அவன் வயிற்றில் ஈரத்துணி போட்டு நீவிக்கொடுத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை ஆங்கிலமும் பேச்சும் அக்காவுக்கு. இது எனக்கு. என்னிடம் மட்டும் சொன்னான். காலைக் கஞ்சி வாங்கப் போகும்போதுகூட அதை நினைத்துக்கொண்டே போனாள்.

படத்தைக் காட்டி முடித்த டாக்டர் அவன் கால்களைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். போர்வையை விலக்கியதும் மக்கெரிதா திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தபடியே மொழிபெயர்த்தாள். கால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, காய்ச்சலால்கூட இருக்கலாம் என்றார். பிறகு சினேவாவின் கையிலிருந்த புட்டியைச் சுட்டிக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார்.

திரைக்குப் பின்னால் மக்கெரிதா இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள்.

"தம்பி," என்றாள் மக்கெரிதா கடைசியில். "மத்தபடி எல்லாம் சௌகரியமா இருக்கான்னு கேக்குறார்."

"இருக்கு அக்கா," என்றான் அவுகுசோ.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டார். ஊசி வழியாக மருந்தைத் தொடங்கச் சொன்னார். நாளைக் காலையில் ஸ்கேன் பார்த்தபடியே முதுகில் ஊசி விட்டு உள்ளே இருப்பதை எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கலாம் என்றார். போகும்போது திரும்பி நின்று, விரலை உயர்த்தி, இன்னும் ஏதோ சொன்னார்.

"கால் மரத்துப்போனாலோ வேற ஏதாவது அடைச்சாலோ அந்த நிமிஷமே சொல்லணுமாம்," என்றாள் மக்கெரிதா, திரையைப் பார்த்துக்கொண்டே. "சீழ் நரம்பை அமுக்குதுன்னு அர்த்தமாம். உடனே முதுகைத் திறந்து எடுக்கணும். ஒரு நாள் தவறினாலும் அப்புறம் காலுக்குப் பலம் திரும்பாதாம்."

சினேவாவின் கையிலிருந்த புட்டி கனக்கத் தொடங்கியது.

அவுகுசோ அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மக்கெரிதா நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள்.

மத்தியானம் முழுக்க அவள் அந்த நாற்காலியைவிட்டு அசையவில்லை. சினேவா துணி அலசினாள், தண்ணீர் கொண்டுவந்தாள், ஊர்க்காரர்கள் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்து அக்காவுக்கு முதலில் வைத்தாள். அவனிடம் தனியாகப் பேச முடியவில்லை. எப்போது எழுந்து போவாள் இந்த மகராசி என்று நெஞ்சு கொதித்தது. இவள் இங்கே இல்லாமலிருந்தால் அவன் டாக்டரிடம் தானே சொல்லியிருப்பான். எந்த அக்காவின் முன்னால் இந்தக் கௌரவம் காக்கிறானோ, அந்த அக்கா அவன் மூச்சுக் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து அவன் காலைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் ஆக்லாந்தில் இருக்கும் மகனிடம் பேச மக்கெரிதா எழுந்து போனாள். சினேவா உடனே குனிந்தாள்.

"இப்பவாவது வந்துச்சா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னது கேட்டுச்சுல்ல? நான் போய்ச் சொல்லப்போறேன்."

"சொன்னா உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"கால் போயிடும்டா!"

"போகட்டும். நர்சுகிட்ட சொன்னாலும் அக்கா காதுக்குத்தான் வரும். டாக்டர்கிட்ட சொல்ல அக்காதானே பேசணும்? அவ வாயால அதைச் சொல்லி, நான் கேட்டு, அப்புறம் எப்படி அவ எதிர்ல உக்காருவேன்?"

"என் எதிர்ல உக்காந்திருக்கியே இத்தனை வருஷமா."

"உன்கிட்ட எனக்கென்ன வெக்கம்?" என்றான், அலுத்துப்போன குரலில்.

அது தன்னை உயர்த்தியதா தாழ்த்தியதா என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. போர்வைக்குள் கையை விட்டு அவன் உள்ளங்காலில் நகத்தை அழுத்தினாள். அழுத்தமாக. மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கண்கூடச் சிமிட்டவில்லை.

"என்ன பண்ற?" என்றான், அவள் முகத்தைப் பார்த்து.

அவள் எழுந்து ஓடினாள்.

நர்சுகள் வேலை மாறும் நேரம். எல்லோரும் வார்டின் கோடியில் வட்டமாக நின்று கண்மூடி ஜெபப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நடுவில் யாரைத் தொட்டுக் கூப்பிடுவது? டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். சினேவா அவர் முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் இருந்தது. பழங்களின் பேர் தெரியும், கிழமைகள் தெரியும். இது தெரியவில்லை. "மை ஹஸ்பண்ட்," என்றாள். "லெக். வாட்டர். நோ வாட்டர்." டாக்டர் பரிவோடு தலையாட்டிவிட்டு, குடிதண்ணீர்க் குழாய் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

அப்போதுதான் மக்கெரிதா போனை மடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன இது? டாக்டரை வழிமறிச்சு என்ன பேச்சு உனக்கு? எதுன்னாலும் என்கிட்ட சொன்னா நான் கேக்க மாட்டேனா?"

"உங்ககிட்டதான் அண்ணி சொல்லக் கூடாதுன்னான்."

மக்கெரிதாவின் முகம் மாறியது. தம்பி தனக்கு மறைத்து இவளிடம் ஒன்று சொல்லியிருக்கிறான் என்பது அவளைச் சுட்டதை சினேவா பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது இனித்தது. பிறகு கையிலிருந்ததைக் கீழே போடுகிறவள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். மூத்திரம் வராததை, வயிறு கல்லானதை, தொடைகளுக்கு நடுவே மரத்துக் கிடப்பதை. எந்த நாத்தனாரிடமும் எந்தத் தம்பி பெண்டாட்டியும் சொல்லாத வார்த்தைகளில், ஒன்றையும் மூடாமல் சொன்னாள்.

மக்கெரிதா இரண்டு கையாலும் காதைப் பொத்தப் போனாள். பாதியில் கை நின்றது. அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். தலை நிமிர்ந்து, திக்காமல், ஆங்கிலத்தில் சொன்னாள். சினேவாவுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் டாக்டரின் தோளிலிருந்து பை நழுவி விழுந்ததும், அவர் ஓடியதும் தெரிந்தது.

பாழாய்ப்போனவள், என்று நினைத்துக்கொண்டாள் சினேவா, கண்ணில் நீர் முட்ட. இதையும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

அவனை அப்போதே அறுவைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூத்திரக் குழாய் போட்டபோது பை நிறைந்து வழிந்தது என்று நர்சு சொன்னாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"எப்ப சொன்னான் உன்கிட்ட?" என்றாள் மக்கெரிதா.

"விடியக்காலைல."

"பகல் முழுக்க வச்சிருந்தியா?"

"டாக்டர் புட்டியைக் காட்டிக் கேட்டாரே, நீங்க ஏன் கேள்வியை மாத்தினீங்க?"

மக்கெரிதா அறுவைக் கூடத்துக் கதவைப் பார்த்தாள். "எனக்கு வாய் வரல," என்றாள். பிறகு, "நான் பாத்துப் பாத்து வளர்த்த பய. அவன் மூக்கைச் சிந்திவிட்டது நானு. எட்டு வயசுக்கப்புறம் அவன் கையைத் தொட்டதில்ல. நீ குடுத்துவச்சவ," என்றாள்.

சினேவா திரும்பிப் பார்த்தாள். தலைமாட்டு நாற்காலி, நல்ல பாய், முதல் சாப்பாடு, ஓடுகிற ஆங்கிலம் எல்லாம் உள்ளவள் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். நம்பத்தான் முடியவில்லை. நம்பினாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"அவனுக்குத் தெரிய வேணாம்," என்றாள் மக்கெரிதா. "டாக்டரே கண்டுபிடிச்சார்னு சொல்லுவோம். நீ என்கிட்ட சொல்லல, நான் கேக்கல."

"சரி," என்றாள் சினேவா.

சீழை வழித்து எடுத்துவிட்டார்கள். கிருமியின் பேரும் தெரிந்தது, அதற்கேற்ற மருந்தும் மாறியது. வாரக்கணக்கில் கையில் ஊசியோடு கிடந்தான். முதுகுக்கு ஒரு பட்டை கட்டினார்கள். முதலில் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. டாக்டர் தீரேந்திரா அன்று அந்தக் கட்டிலருகே நின்று சிரித்ததுதான் அவர் சிரித்து அவள் பார்த்த ஒரே தடவை.

பார்க்க வந்த ஊர்க்காரர்களிடமெல்லாம் அவுகுசோ சொன்னான். "அக்காதான் வைத்தியச்சியைக் கூட்டிவந்தா. அக்காதான் ஆஸ்பத்திரியில டாக்டரோட பேசினா. டாக்டரும் கெட்டிக்காரர், யாரும் சொல்லாமயே கண்டுபிடிச்சார். அக்கா இல்லன்னா நான் இல்ல." மக்கெரிதா தரையைப் பார்ப்பாள். சினேவா கொக்கோவை ஊற்றுவாள். கோப்பை விளிம்பு தாண்டி வழிந்தால், "கவனம் எங்க இருக்கு?" என்று அவன் கேட்பான். எங்கே என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

முதல் தடவை அவனை எழுப்பி நிறுத்திய நாள் மழை பெய்தது. நர்சு ஒரு பக்கம் பிடித்தாள். இன்னொரு பக்கம் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு அணைத்துத் தாங்க ஒருவர் வேண்டும். நர்சு மக்கெரிதாவைப் பார்த்தாள். மக்கெரிதா தானாகப் பின்வாங்கி, வார்டின் நடுவில் போய் நின்றுகொண்டாள். எட்டித் தொட முடியாத தூரம்.

"வா தம்பி," என்றாள். "வா, இங்க பாத்து வா."

சினேவா அவன் கைக்குக் கீழே புகுந்து இடுப்பைப் பற்றினாள். அவன் முதல் அடியை வைத்தான். கால் நடுங்கியது. கண் அக்காவின் மேலேயே இருந்தது, சர்ச்சில் பாதிரியாரைப் பார்க்கிற மாதிரி.

"கீழ பாத்து நட," என்று அவன் காதில் கடிந்தாள் சினேவா. "அவங்க முகத்துல ஒண்ணும் தரை இல்ல."

"மெல்லப் பேசுடி, கேக்கப் போகுது."

"கேக்கட்டும்."

"உனக்கு எப்பவும் அவமேல காய்ச்சல்தான்," என்றான் மூச்சிரைக்க. சொல்லிக்கொண்டே தடுமாறினான். அவன் எடை முழுக்க அவள் தோளில் வந்து இறங்கியது. இளைத்தும் அப்படி ஒரு கனம். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். அவன் விழவில்லை.

பிறகு கோலோடு நடந்தான், தோட்டத்துக்குப் போனான், கடல் வற்றிய நேரத்தில் பாறைக்கும் போனான். வருடங்கள் கழித்து நெஞ்சுவலியில் அவன் போனபோது, சாவு வீட்டில் தலைமாட்டில் மக்கெரிதா உட்கார்ந்தாள். அது அவள் இடம். ஆனால் பெட்டியில் வைப்பதற்கு முன் அவனைக் குளிப்பாட்டி, முதுகிலிருந்த நீளத் தழும்பில் எண்ணெய் தேய்த்தது சினேவா. திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆச்சா?" என்று கேட்டாள் மக்கெரிதா.

"இருங்க அண்ணி," என்றாள் சினேவா. "இன்னும் ஆகல."

அவசரமில்லாமல் தேய்த்தாள்.